ஆலை மூடும்போது அமெரிக்கத் தொழிலாளியின் கையில் என்ன மிஞ்சுகிறது?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் தொழிற்சாலை வேலைகள் இவ்வளவு போனதற்குக் காரணம் சீனாவா, இயந்திரமா? வேலை போனவர்களை அங்கே எப்படி நடத்துகிறார்கள்?

முதல் பாதியை வைத்துத்தான் எல்லாரும் சண்டை போடுகிறார்கள். எனக்கு இரண்டாம் பாதிதான் முக்கியமாகப் படுகிறது. ஆலை வேலை குறைவது ஜப்பானிலும் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும்கூட நடந்ததுதான். ஆனால் மூடும் முடிவு முழுக்க முதலாளிக்கு, அதனால் வரும் செலவில் பெரும்பங்கு தொழிலாளிக்கு என்பதைச் சட்டமாகவே ஆக்கி வைத்திருப்பதில் பணக்கார நாடுகளில் அமெரிக்காவை மிஞ்ச ஆளில்லை. அதற்குள் போகுமுன் முதல் பாதியின் கணக்கை முடித்துவிடலாம்.

ஆலை வேலையில் இருந்தவர்கள் எண்ணிக்கை 1979 ஜூனில் உச்சம் தொட்டது: சுமார் 1 கோடியே 95 லட்சம் பேர். 2000-ல் அது 1 கோடியே 73 லட்சம். 2010 தொடக்கத்தில் 1 கோடியே 15 லட்சம். அதாவது இருபது ஆண்டில் 22 லட்சம் வேலை போனது. அடுத்த பத்தே ஆண்டில் 58 லட்சம். பிறகு கொஞ்சம் ஏறி இப்போது 1.25 கோடிக்கும் 1.3 கோடிக்கும் நடுவில் நிற்கிறது. மெல்லக் கரைந்த இருபது ஆண்டுக்கும் மளமளவென்று சரிந்த பத்து ஆண்டுக்கும் ஒரே காரணம் சொல்பவரை நம்பாதீர்கள்.

இயந்திரத்தின் பங்கு உண்மையானது. எஃகை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களின் தொடக்கத்தில் ஒரு டன் எஃகுக்கு ஏறத்தாழ 10 ஆள்-மணி நேரம் தேவைப்பட்டது. இன்று இரண்டு மணிக்கும் கீழே. இதை ரோபோ வந்து செய்யவில்லை. இரும்புத்தாது, கோக் கரி, ஊதுலை என்று நீண்ட வரிசையே இல்லாமல் பழைய இரும்பை நேரடியாக உருக்கும் மின்வில் உலைகள் செய்த வேலை அது. அமெரிக்க எஃகில் சுமார் 70 சதவீதம் இப்போது அந்த உலைகளில்தான் உருகுகிறது.

ஆனால் "உற்பத்தி குறையவில்லை, ஆள்தான் குறைந்தார்கள், ஆகவே எல்லாம் இயந்திரம்தான்" என்ற வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பொருளியலாளர் சூசன் ஹவுஸ்மன் உற்பத்திப் புள்ளிவிவரத்தைத் துறை துறையாகப் பிரித்துப் பார்த்தார். வளர்ச்சியில் பெரும்பகுதி கணினி, சிப் என்ற ஒரே துறையிலிருந்து வந்தது. அதுவும் எப்படி? போன ஆண்டைவிட இரண்டு மடங்கு வேகமான கணினியைச் செய்தால், புள்ளிவிவரத்தில் உற்பத்தி ஏறக்குறைய இரண்டு மடங்கானதாக எழுதுவார்கள். பெட்டி ஒன்றுதான், கணக்கில் இரண்டு. அந்தத் துறையை விலக்கிவிட்டால் 2000-க்குப் பிறகு அமெரிக்க ஆலை உற்பத்தி கிட்டத்தட்ட நகரவே இல்லை.

சீனாவின் பங்கும் பலர் நினைக்கிற மாதிரி நடந்ததல்ல. சீனாவுடன் நிரந்தர வர்த்தக உறவுக்கான சட்டத்தில் கிளின்டன் 2000 அக்டோபரில் கையெழுத்திட்டார்; 2001 டிசம்பர் 11 அன்று சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. இந்தச் சட்டத்தால் சீனப் பொருளுக்கு வரி குறைந்துவிடவில்லை. அதற்கு முன்பும் அதே குறைந்த வரிதான் இருந்தது. ஆனால் அந்தச் சலுகையை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் முட்டுக்கட்டை போட்டால் வரி ஒரே நாளில் பல மடங்கு எகிறும். அந்தப் பயம் இருந்தவரை எந்தக் கம்பெனியும் மொத்த ஆலையையும் பெயர்த்துக்கொண்டு சீனாவுக்குப் போகத் துணியவில்லை. பயம் போனதும் மரச்சாமான், துணி, பொம்மை, மின்சாதனம் என்று வரிசையாகக் கிளம்பின.

1999 முதல் 2011 வரை சீன இறக்குமதியால் போன வேலை மொத்தம் 20 முதல் 24 லட்சம் என்பது டேவிட் ஆட்டர், டாரன் அசெமொக்லு உள்ளிட்ட பொருளியலாளர்களின் கணக்கு. ஆலைக்குள்ளே மட்டும் சுமார் 10 லட்சம். மீதி அந்த ஆலைகளை நம்பியிருந்த பிற தொழில்கள், கடைகள். 58 லட்சத்தில் 10 லட்சம் பெரிதில்லை என்று தோன்றலாம். ஆனால் அது நாடு முழுக்கப் பரவலாக விழவில்லை. வட கரோலினாவின் ஹிக்கரி, வர்ஜீனியாவின் கேலக்ஸ், மார்ட்டின்ஸ்வில் போன்ற மரச்சாமான், துணி ஊர்களின் தலையில் மொத்தமாக இறங்கியது. கன்னாபொலிஸ் நகரில் துண்டும் படுக்கை விரிப்பும் நெய்த பில்லோடெக்ஸ் 2003 ஜூலை 30 அன்று மூடியபோது வட கரோலினாவில் மட்டும் ஒரே நாளில் 4,000 பேருக்கு மேல் வேலை போனது. வேலை போனவர்கள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள் என்றது பாடப்புத்தகம். பெரும்பாலோர் போகவில்லை. ஆலை மூடிய ஊரில் வீட்டை யார் வாங்குவார்கள்?

1979–83 காலத்துச் சரிவுக்கு சீனாவையோ மெக்சிகோவையோ சொல்ல முடியாது. விலைவாசியை அடக்க மத்திய வங்கி வட்டியை 20 சதவீதம் வரை ஏற்றியது, டாலர் மதிப்பு எகிறியது, கார் கடனும் ஏற்றுமதியும் சேர்ந்து படுத்தன. இது போதும், இனி இரண்டாம் பாதி.

அமெரிக்க வேலைச் சட்டத்தின் அடித்தளம் "அட்-வில்" விதி. ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால், காரணமே சொல்லாமல் எந்த நிமிடமும் ஆளை அனுப்பலாம். இனம், பாலினம், வயது, யூனியன் நடவடிக்கை போன்ற சில காரணங்கள் மட்டும் கூடாது. ஐம்பது மாநிலங்களில் மொன்டானா ஒன்றில்தான் 1987 முதல், தகுதிகாண் காலம் முடிந்தவரை அனுப்ப நியாயமான காரணம் வேண்டும் என்ற பொதுச்சட்டம் இருக்கிறது.

தனி ஆளை விடுங்கள், ஆலையையே மூடினால்? தெற்கு கரோலினாவின் டார்லிங்டன் துணி ஆலை வழக்கைத் தெரிந்துகொண்டால் மீதி தானாக விளங்கும். 1956 செப்டம்பரில் அங்கே தொழிலாளர்கள் யூனியனுக்கு வாக்களித்து ஜெயித்தார்கள். மில்லிகென் குடும்பத்தின் கட்டுப்பாட்டில் இருந்த நிர்வாகம் ஆலையையே கலைக்க முடிவெடுத்தது. நவம்பரில் தறிகள் நின்றன. டிசம்பரில் இயந்திரங்களைத் துண்டு துண்டாக ஏலம் விட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வந்து சேர 1965 ஆயிற்று. தீர்ப்பு: முதலாளி தன் மொத்தத் தொழிலையும் யூனியன் மீதுள்ள வெறுப்பால் மூடினாலும் அது சட்டப்படி தவறில்லை, பல ஆலைகளில் ஒன்றை மட்டும் மூடி மற்ற ஆலைக்காரர்களை மிரட்டினால்தான் தவறு. மில்லிகெனுக்கு வேறு ஆலைகளும் இருந்ததால் வழக்கு கீழே திரும்பி, 1980-ல் 50 லட்சம் டாலருக்குச் சமரசமானது. வாக்குப் போட்டு 24 ஆண்டு கழித்து. அதற்குள் வாக்களித்தவர்களில் பலர் இறந்துவிட்டார்கள்.

அடுத்த பூட்டு 1981-ல் விழுந்தது. ஃபர்ஸ்ட் நேஷனல் மெயின்டனன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: தொழிலின் ஒரு பகுதியை லாபநட்டக் காரணத்துக்காக மூடும் முடிவைப் பற்றி யூனியனுடன் பேச வேண்டிய கட்டாயம் நிர்வாகத்துக்கு இல்லை, மூடுவதன் விளைவுகளைப் பற்றிப் பேசினால் போதும். மூடலாமா என்பது மேசைக்கு வராது, மூடிய பிறகு எவ்வளவு தருவாய் என்பது வரும். பேரம் பேசுகிறவனிடம் ஆயுதம் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேச்சுவார்த்தை வைப்பது இது.

இதற்கு முன்பே ஒஹையோவின் யங்ஸ்டவுனில் இன்னொரு முயற்சி தோற்றிருந்தது. 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை, யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் கம்பெனி தன் கேம்பெல் எஃகாலையை மூடுவதாக அறிவித்தது. சுமார் 5,000 வேலை. 1979-ல் யு.எஸ். ஸ்டீலும் அதே ஊரிலிருந்த தன் ஆலைகளை மூடப்போவதாகச் சொன்னது. லாபம் காட்டினால் ஆலை நடக்கும் என்று நிர்வாகம் சொல்லி வந்ததை நம்பித் தொழிலாளர்கள் உற்பத்தியைக் கூட்டியிருந்தார்கள். அந்த வாக்கைக் காப்பாற்று, இல்லையென்றால் ஆலையை எங்களுக்கே விலைக்குக் கொடு என்று யூனியன் வழக்குப் போட்டது. ஊரும் தொழிலாளியும் தலைமுறைகளாக உழைத்த ஆலையில் அவர்களுக்கும் ஒருவகைச் சொத்துரிமை உண்டோ என்று விசாரணை நீதிபதி தாமஸ் லாம்ப்ரோஸ் வாய்விட்டே யோசித்தார். அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று அவரே முடித்தார். 1980-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கைவிரித்தது. கம்பெனி ஆலையை விற்கவில்லை. 1982-ல் ஊதுலைகளை வெடிவைத்துத் தகர்த்தது.

நம்மூர்ச் சட்டத்தை இதோடு பொருத்திப் பார்க்கலாம். இந்தியத் தொழில் தகராறு சட்டத்தில் 100 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலையை மூட, 90 நாள் முன்னதாக அரசிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. ஒவ்வோர் ஆண்டு சேவைக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் அமலுக்கு வந்த 2020 சட்டத்தொகுப்பு அந்த 100-ஐ 300 ஆக்கியது. நடைமுறையில் ஆயிரம் ஓட்டை உண்டுதான். ஆனாலும் 2021 செப்டம்பரில் ஃபோர்டு மறைமலைநகர் ஆலையை மூடுவதாக அறிவித்தபோது மாதக்கணக்கில் பேச்சுவார்த்தையும் போராட்டமும் நடந்து, சட்டம் கேட்ட 15 நாளைப்போலப் பல மடங்கு தொகையில்தான் முடிந்தது. அதே கம்பெனி தன் சொந்த நாட்டில், பெரும்பாலான மாநிலங்களில், யூனியன் இல்லாத ஓர் ஆலையை மூடினால் இழப்பீடாகச் சட்டப்படி ஒரு டாலர்கூடத் தர வேண்டியதில்லை. கூட்டாட்சிச் சட்டத்தில் பணிநீக்க இழப்பீடு என்ற ஒன்றே இல்லை.

இருப்பது முன்னறிவிப்பு மட்டும். 1988-ல் ரீகன் கையெழுத்துப் போடாமலேயே சட்டமான வார்ன் சட்டம்: 100 பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் கம்பெனி, ஓர் இடத்தில் 50 பேருக்கோ அதற்கு மேலோ வேலை போகும்படி ஆலையை மூடினால், 60 நாள் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும். மூடாமல் ஆட்குறைப்பு மட்டும் என்றால், 50 பேரோடு அது அந்த இடத்தின் மொத்த ஆட்களில் 33 சதவீதமாகவும் இருக்க வேண்டும். அல்லது 500 பேராக இருக்க வேண்டும்.

ஓட்டைகள் இந்த எண்களில்தான் இருக்கின்றன. கடந்த 12 மாதத்தில் 6 மாதம் வேலை செய்யாதவரும், வாரம் 20 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்பவரும் எண்ணிக்கையில் சேர மாட்டார்கள். ஏஜென்சி மூலம் வந்த தற்காலிக ஆட்கள் பொதுவாக ஏஜென்சியின் கணக்கு. ஆகவே 140 பேர் நடமாடும் ஆலை சட்டத்தின் கண்ணுக்கு 85 பேர் ஆலையாகத் தெரியலாம். கார் ஆலையைச் சுற்றி இருக்கை, டயர், கம்பி வடம் தரும் சின்னக் கம்பெனிகளுக்கு நோட்டீஸ் கடமையே வராமல் போவது இப்படித்தான். 48, 49 பேராகப் பிரித்துப் பிரித்து அனுப்பும் தந்திரமும் உண்டு. 90 நாளுக்குள் நடந்த ஆட்குறைப்புகளைக் கூட்டிப் பார்க்கலாம் என்று சட்டம் சொல்வது இதைத் தடுக்கத்தான். யார் யார் எந்தத் தேதியில் போனார்கள் என்று தொழிலாளர்கள் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் வக்கீலின் பாதி வேலை முடிந்தது.

மீறினால்? அதிகபட்சம் 60 நாள் சம்பளமும் சலுகைகளும், உள்ளூர் நிர்வாகத்துக்கு நாளொன்றுக்கு 500 டாலர் வரை அபராதமும். இதை வசூலிக்கத் தொழிலாளர் துறைக்கு அதிகாரம் கிடையாது; தொழிலாளியே கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். கம்பெனி திவால் மனு போட்டுவிட்டால், அடமானம் வைத்திருக்கும் வங்கிக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். சில மாநிலங்கள் மேலே போயிருக்கின்றன. நியூயார்க்கில் 90 நாள். நியூ ஜெர்சியில் 2023 ஏப்ரல் முதல் 90 நாளோடு, பெரிய ஆட்குறைப்பில் ஆண்டுக்கு ஒரு வாரச் சம்பளம் இழப்பீடும் கட்டாயம்.

நோட்டீஸ் கிடைக்காதபோது என்ன செய்ய முடியும் என்பதற்கு சிகாகோவின் ரிபப்ளிக் விண்டோஸ் அண்ட் டோர்ஸ் ஆலையைவிட நல்ல உதாரணம் இல்லை. 2008 டிசம்பர் 2 அன்று, ஆலை 5-ம் தேதி மூடும் என்று சுமார் 250 பேரிடம் சொன்னார்கள். மூன்று நாள். கடன் தந்த பேங்க் ஆஃப் அமெரிக்கா பணத்தை நிறுத்திவிட்டது என்றது நிர்வாகம். அரசிடம் 2,500 கோடி டாலர் மீட்பு நிதி வாங்கியிருந்த அதே வங்கி. தொழிலாளர்களுக்கு இது முழுத் திடுக்கிடல் அல்ல. இரவு நேரத்தில் இயந்திரங்கள் லாரி ஏறுவதை அதற்கு முன்பே கவனித்து, லாரிகளைப் பின்தொடர்ந்தும் பார்த்திருந்தார்கள். முதலாளி தரப்பு அயோவாவில் இன்னொரு ஜன்னல் ஆலையைத் தொடங்கும் ஏற்பாட்டில் இருந்தது. 5-ம் தேதி ஷிப்ட் முடிந்ததும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஷிப்ட் வைத்து ஆலைக்குள் உட்கார்ந்தார்கள், தரையைப் பெருக்கினார்கள், மீதமிருந்த இயந்திரங்கள் வெளியே போகாமல் காவல் காத்தார்கள். ஆறாம் நாள் 17.5 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் ஆனது: எட்டு வாரச் சம்பளம், இரண்டு மாத மருத்துவக் காப்பீடு, பாக்கி விடுமுறைப் பணம். அதாவது போராடி வாங்கியது, சட்டம் ஏற்கெனவே தர வேண்டும் என்று சொன்ன தொகைதான். முதலாளிக்குப் பின்னாளில் கிரிமினல் வழக்கில் நான்காண்டுச் சிறை கிடைத்தது. வேலை இழந்தவர்களில் சிலர் சேர்ந்து நியூ எரா விண்டோஸ் என்ற கூட்டுறவு ஆலையை நடத்துகிறார்கள்.

ஆலை மூடாமல் வேலையில் நீடித்தவர்கள் நிலைமையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூடுவேன் என்ற மிரட்டலுக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள்தான். 2007-ல் டெட்ராய்ட்டின் மூன்று கார் கம்பெனிகளுடன் யூனியன் போட்ட ஒப்பந்தத்தில், புதிதாகச் சேர்பவருக்கு மணிக்கு சுமார் 14 டாலர், பக்கத்தில் அதே போல்ட்டை முடுக்கும் பழைய ஆளுக்கு சுமார் 28 டாலர் என்ற இரண்டு தட்டுச் சம்பளம் வந்தது. அதன் கீழே மூன்றாவது தட்டாக ஆண்டுக்கணக்கில் நிரந்தரமாகாத தற்காலிக ஆட்கள். வேலைநிறுத்தம் செய்தால்? சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்தவரை டிஸ்மிஸ் செய்யக்கூடாது, ஆனால் அவர் இடத்தில் வேறு ஆளை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்கிறது 1938 முதல் இருக்கும் தீர்ப்பு. வித்தியாசம் வக்கீலுக்குத்தான் புரியும். 2023 வேலைநிறுத்தத்தில் அந்த மூன்று கம்பெனிகளிலும் தட்டுகள் பெருமளவு ஒழிந்தன, உச்சச் சம்பளம் எட்டும் காலம் எட்டு ஆண்டிலிருந்து மூன்றாகக் குறைந்தது, ஆலை மூடலை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யும் உரிமையும் ஒப்பந்தத்தில் ஏறியது. சட்டம் தராததை ஒப்பந்தத்தில் வாங்கியிருக்கிறார்கள். தனியார் துறையில் யூனியனில் இருப்பவர்கள் இன்று நூற்றுக்கு ஆறு பேர்.

இப்போது நோட்டீஸ் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மிச்சிகன், ஒஹையோ, இண்டியானா பக்கம் வாகனத் துறையில் இருக்கும் நம்மவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும். எச்-1பி விசாவில் இருந்தால், வேலை முடிந்த நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள் என்ற கெடு இதற்கெல்லாம் மேலே தனியாக ஓடும்.

வேலையில்லாக் கால உதவிக்கு வேலை நின்ற முதல் வாரமே விண்ணப்பிக்க வேண்டும். தாமதித்த வாரங்களுக்குப் பின்தேதியிட்டுப் பணம் வருவது அரிது. பெரும்பாலான மாநிலங்களில் முதல் வாரம் காத்திருப்பு, பணம் இல்லை. அதன்பிறகு வாராவாரமோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ "வேலை தேடினேன்" என்று உறுதிமொழி பதிய வேண்டும். ஒரு தடவை மறந்தால் அந்த வாரப் பணம் போச்சு. தொகை மாநிலத்துக்கு மாநிலம் மலையும் மடுவும். மாசசூசெட்ஸில் வார உச்சவரம்பு 1,000 டாலருக்கு மேல். ஃபுளோரிடாவில் 275 டாலர், அதுவும் வழக்கமாக 12 வாரம்தான். இதற்குக் கூட்டாட்சி வருமான வரியும் உண்டு. 10 சதவீதம் பிடித்துக்கொள்ளச் சொல்லி அப்போதே எழுதிக் கொடுக்காவிட்டால் அடுத்த ஏப்ரலில், கையில் காசில்லாத நேரத்தில், வரி பாக்கி வந்து நிற்கும்.

மருத்துவக் காப்பீடுதான் அதிகம் பேர் சறுக்கும் இடம். கோப்ரா சட்டப்படி பழைய கம்பெனிக் காப்பீட்டை 18 மாதம் தொடரலாம். ஆனால் கம்பெனி கட்டிய பங்கையும் சேர்த்து, நிர்வாகச் செலவுக்கு 2 சதவீதமும் போட்டு, மொத்தம் 102 சதவீதத்தை நீங்களே கட்ட வேண்டும். 2024-ல் கம்பெனி வழிக் குடும்பக் காப்பீட்டின் சராசரிப் பிரீமியம் ஆண்டுக்கு 25,500 டாலரைத் தாண்டியது. மாதம் 2,100-க்கு மேல். ஃபுளோரிடாவின் உதவித்தொகை மாதத்துக்கு 1,200 டாலரை எட்டாது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கோப்ராவைத் தேர்ந்தெடுக்க 60 நாள், தேர்ந்தெடுத்தபின் முதல் பணம் கட்ட 45 நாள். பணம் கட்டினால் காப்பீடு நின்ற நாளிலிருந்தே செல்லும். எனவே அவசரப்பட்டு முதல் நாளே கட்ட வேண்டியதில்லை. அந்த 60 நாளுக்குள் யாருக்காவது பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் அப்போது தேர்ந்தெடுக்கலாம். அதே 60 நாளுக்குள் அரசுக் காப்பீட்டுச் சந்தையிலும் திட்டம் எடுக்கலாம். வருமானம் குறைந்திருப்பதால் பெரும்பாலும் அதுதான் மலிவு. ஆனால் கம்பெனி முழுதாக மூடி, அதன் காப்பீட்டுத் திட்டமே கலைந்துவிட்டால் கோப்ரா இல்லவே இல்லை. தொடர்வதற்குத் திட்டம் என்று ஒன்று இருந்தால்தானே. திவாலாகி மூடும் ஆலைகளில் இது தெரியாமல் கோப்ராவை நம்பி நாளை ஓட்டிவிட்டு இரண்டையும் கோட்டை விடுகிறார்கள்.

கடைசி நாள் ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள்: இவ்வளவு பணம் தருகிறோம், இனி வழக்குப் போட மாட்டேன் என்று எழுதிக் கொடு. அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். 40 வயது நிறைந்தவர் என்றால், கூட்டமாக ஆட்குறைப்பு நடக்கும்போது யோசிக்க 45 நாள் தர வேண்டும், கையெழுத்திட்ட பிறகும் 7 நாளுக்குள் திரும்பப் பெறலாம், யார் யாரை எந்த வயதில் அனுப்பினார்கள், யாரை வைத்துக்கொண்டார்கள் என்ற பட்டியலையும் கம்பெனி தர வேண்டும். இது 1990 சட்டம். நீட்டும் பணம் உண்மையிலேயே கூடுதலா என்றும் பாருங்கள். முன்னறிவிப்புக்குப் பதிலாக எப்படியும் தர வேண்டிய 60 நாள் சம்பளத்தையே இழப்பீடு என்று பெயர் மாற்றி, அதற்கு ஒரு கையெழுத்தும் வாங்கப் பார்ப்பது பழைய வித்தை. வேலையை மெக்சிகோவுக்கு மாற்றும் கம்பெனிகளில், அங்கிருந்து வரும் ஆட்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தால்தான் இழப்பீடு, அல்லது கூடுதல் தொகை, என்ற நிபந்தனையும் வரும். மறுப்பது அவரவர் மானம். கணக்கு என்னவோ கம்பெனிக்குத்தான் சாதகம்.

பென்ஷன் பற்றி. 1963 டிசம்பரில் ஸ்டூடிபேக்கர் கார் கம்பெனி சவுத் பெண்ட் ஆலையை மூடியபோது, 60 வயது தாண்டியவர்களுக்கு முழு பென்ஷன் கிடைத்தது. 40-க்கும் 60-க்கும் இடைப்பட்ட 4,000-க்கு மேற்பட்டோருக்குச் சேர வேண்டியதில் சுமார் 15 சதவீதம். அதற்கும் இளையவர்களுக்கு ஒன்றும் இல்லை. அந்த அதிர்ச்சியின் பலன்தான் 1974 ஓய்வூதியச் சட்டமும், கம்பெனி கைவிட்ட பென்ஷனை ஏற்கும் அரசுக் கழகமும். இன்று அந்தக் கழகம் இருப்பதால் பென்ஷன் முழுதாகப் போகாது. ஆனால் உச்சவரம்பு உண்டு. 65 வயதில் கிடைக்கும் வரம்பில் 55 வயதுக்காரருக்கு 45 சதவீதம்தான். சீக்கிரம் ஓய்வு பெற்றவருக்கு யூனியன் பேசி வாங்கிய கூடுதல் தொகையும் பெரும்பாலும் அடிபடும். ஓய்வு பெற்றவர்களின் மருத்துவக் காப்பீட்டுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. பெத்லஹேம் ஸ்டீல் திவாலானபோது சுமார் 95,000 பேரின் பென்ஷனை அரசுக் கழகம் ஏற்றது. 2003 மார்ச்சோடு அவர்களின் மருத்துவக் காப்பீடு நின்றது. முப்பது ஆண்டு உலை அருகே நின்ற நுரையீரலுக்குக் காப்பீடு இல்லை.

பென்ஷன் இல்லாமல் 401-கே (கம்பெனி வழியாகச் சேமிக்கும் ஓய்வுக்காலக் கணக்கு) மட்டும் இருப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, காசோலையைத் தங்கள் பெயருக்கு வாங்குவது. உடனே 20 சதவீதம் வரிக்காகப் பிடிப்பார்கள். 60 நாளுக்குள் முழுத் தொகையையும், பிடித்த அந்த 20 சதவீதத்தைக் கைக்காசிலிருந்து போட்டாவது, வேறு ஓய்வுக் கணக்கில் செலுத்தாவிட்டால் வரியோடு 10 சதவீதத் தண்டமும் சேரும். நேரடியாகக் கணக்கிலிருந்து கணக்குக்கு மாற்றச் சொன்னால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. ஒரு விலக்கு பலருக்குத் தெரியாது: 55 வயது ஆகும் ஆண்டிலோ அதற்குப் பிறகோ வேலை போயிருந்தால், அந்தக் கம்பெனியின் 401-கே-யிலிருந்து தண்டம் இல்லாமல் எடுக்கலாம். அதை வேறு கணக்குக்கு மாற்றிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். 55 முதல் 59 வயதுக்காரர்கள் அவசரப்பட்டு மாற்றக் கூடாது.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் பழைய சம்பளம் திரும்பி வருவதில்லை. பென்சில்வேனியாவில் ஆறாண்டுக்கு மேல் ஒரே கம்பெனியில் இருந்து வேலை இழந்தவர்களை ஜேகப்சன், லலோண்ட், சலிவன் என்ற பொருளியலாளர்கள் மூவரும் ஆராய்ந்தார்கள். ஐந்தாறு ஆண்டு கழித்தும் அவர்கள் வருமானம், வேலை போகாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட சுமார் 25 சதவீதம் கீழே. அதே மாநிலத்து ஆண்களைப் பற்றி சலிவனும் டில் வான் வாக்டரும் செய்த ஆய்வு இன்னும் கொடியது: வேலை போன உடனடி ஆண்டுகளில் இறப்பு விகிதம் 50 முதல் 100 சதவீதம் அதிகம், இருபது ஆண்டு கழித்தும் 10 முதல் 15 சதவீதம் அதிகம். கார் ஆலை மூடிய மாவட்டங்களில் ஐந்தாண்டு கழித்து, ஆலை மூடாத அதேபோன்ற மாவட்டங்களைவிட ஓபியாய்டு (அபின் வகைப் போதை) மருந்துச் சாவு 85 சதவீதம் கூடுதல் என்று 2020-ல் வந்த மருத்துவ ஆய்வு ஒன்றும் உண்டு.

இந்த இழப்பை இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்காவது ஓரளவு ஈடுகட்ட 1962-ல் கென்னடி காலத்தில் ஒரு திட்டம் வந்தது: வர்த்தக ஈடுகட்டல் உதவி. தடையற்ற வர்த்தகத்துக்குத் தொழிலாளியின் சம்மதத்தை வாங்கத் தந்த விலை அது என்றே சொல்லலாம். ஒரே ஆலையின் மூன்று தொழிலாளர்கள் சேர்ந்து மனுப் போட்டால் போதுமாக இருந்தது. மனு ஏற்கப்பட்டால் மறுபயிற்சிச் செலவு, பயிற்சிக் காலத்தில் வாராந்தர உதவித்தொகை, வேறு ஊருக்குப் போகும் செலவில் ஒரு பங்கு. 50 வயது தாண்டியவர் குறைந்த சம்பளத்தில் புது வேலை ஏற்றால், சம்பள வித்தியாசத்தில் பாதியை இரண்டாண்டில் 10,000 டாலர் வரை அரசு தந்தது. 30 ஆண்டு தறி ஓட்டியவரை 55 வயதில் கம்ப்யூட்டர் வகுப்பில் உட்கார வைப்பதைவிட இந்தக் கடைசி ஏற்பாடு எவ்வளவோ புத்திசாலித்தனமானது; அதற்குத்தான் மிகக் குறைவாக ஒதுக்கினார்கள். காங்கிரஸ் புதுப்பிக்காததால் 2022 ஜூலை 1 முதல் தொழிலாளர் துறை புது மனுக்களுக்குச் சான்று அளிக்க முடியாது. அதன்பிறகு ஆலை மூடி, குற்றம் இறக்குமதியின் மீதுதான் என்று தாள் தாளாக நிரூபிக்க முடிந்தவருக்கும் வேறு எல்லாருக்கும் உள்ள அதே வேலையில்லாக் கால உதவிதான்.